சீப்புத் தட்டில் சிவப்பு ஜோடி

பார்லர்காரிக்கு முப்பத்திரண்டு வயதிலேயே காது பாதி போயிருந்தது. தொழில் அமோகமாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சுவரிடம் மனதைக் கொட்டுவதைவிட அவளிடம் கொட்டுவது சுகம், சுவர் தலையாட்டாது. இவளுக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில் நாற்காலியில் உட்கார்ந்த பெண்கள் வீட்டுக் கதை முழுவதையும் அவிழ்த்துவிடுவார்கள். எதிரே ஆளுயரக் கண்ணாடி இருப்பதை ஒருவரும் யோசித்ததில்லை. உதடு அசைந்தால் போதும், அவளுக்கு ஒரு சொல் தப்பாது. அவளிடமிருந்து வெளியே ஒரு சொல்லும் போகாது.

வம்பு, தலை அலசும் தொட்டியில்தான் வந்தது. அங்கே கண்ணாடி இல்லை. ஒருநாள், வாடிக்கையாக வரும் டீச்சரம்மா "சுடுது" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, நான்காவது முறை சொல்லாமல் எழுந்து ஓடினார். அங்கே துண்டு மடித்துக்கொண்டிருந்த பார்லர்காரியின் மாமியார் மறுநாளே மருமகளைக் காது பரிசோதிக்கும் இடத்துக்கு இழுத்துப் போனார்.

காத்திருந்தவர்கள் எல்லாம் நரைத்த தலைகள். உள்ளேயிருந்து வந்த பெண் நேராக மாமியாரின் கையைப் பிடித்து, காதருகே குனிந்து, "வாங்கம்மா, பயப்படாதீங்க" என்று கத்தினாள்.

"எனக்கு நல்லாத்தான் கேட்டுது. நீ இப்படிக் கத்தினா இனிமே கேக்காது."

பரிசோதனை முடிந்து மேசைக்கு இரண்டு வகைக் கருவிகள் வந்தன. ஒன்று காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இன்னொன்று காதுக்குப் பின்னால் ஏறி உட்காரும். தோல் நிறத்தில், சாம்பலில், யார் கேட்டார்களோ, சிவப்பிலும் இருந்தது.

"உங்க அளவுக்கு ரெண்டுமே சரியா வரும். பிடிச்சதை எடுத்துக்கங்க."

பார்லர்காரியின் கை ஒளிகிற ஜோடியிடம் போனது. "இது வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க அத்தை. அப்புறம் நாள் பூரா நான் யார் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்கிறது?" வெட்கமும் இல்லாமல் இல்லை, அதை மட்டும் சொல்லவில்லை.

"என் காது முறம் மாதிரி இருக்கு, முடியால மூடிவிடுன்னு உங்கிட்ட கெஞ்சினேன். என்ன சொன்ன நீ? மறைச்சா அங்கதான் கண்ணு போகும்னு ஒட்ட வெட்டிவிட்ட. இன்னிக்கும் எல்லாரும் என் காதைத்தான் பாக்கறாங்க."

"அழகா இருக்குன்னு பாக்கறாங்க."

"அப்ப உன் காதையும் பாக்கட்டும்."

தன் சொல்லாலேயே மடங்கிய கோபத்தில் பார்லர்காரி சிவப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். மாமியார் எழுந்து இரண்டடி நடந்தார்.

"அத்தை, உங்க செருப்பு கீச்சுன்னு கத்துது."

"ரெண்டு வருஷமா கத்துது."

சிரித்தாள். தன் சிரிப்பு கடைசியில் விக்கலைப் போல முடிகிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு முறை சிரித்துப் பார்த்துக்கொண்டாள். சிவப்பைக் கழற்ற மனம் வரவில்லை.

பார்லரில் கத்தரி, முறுக்குக் கடிப்பதுபோல ஓயாமல் ஒலித்தது. குழாய் சொட்டியது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சிவப்பைப் பார்த்ததும் வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். இப்போது எல்லாம் கேட்டது. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. பயந்தது நடந்துவிட்டதே என்று அவளுக்குக் கத்தரியே கசந்தது.

அந்த வாரக் கடைசியில் டீச்சரம்மா வந்தார். தொட்டியில் தலை சாய்த்து, "கொஞ்சம் சூடு" என்று மெதுவாகச் சொன்னார். உடனே தண்ணீர் இதமானது. டீச்சரம்மாவுக்குப் பரம திருப்தி. ஆனால் நாற்காலிக்கு வந்ததும் நெளிய ஆரம்பித்தார்.

"ஏம்மா, அதைக் கொஞ்ச நேரம் கழட்டி வைக்கலாமா? கெட்டுப் போயிடாதே?"

"கெடாது டீச்சர்."

சிவப்பு ஜோடியைக் கழற்றி, எல்லோர் கண்ணிலும் படும்படி சீப்புத் தட்டில் வைத்தாள். டீச்சரம்மா ஒருமுறை தட்டைப் பார்த்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து, கண்ணாடியைப் பார்த்தபடியே தொடங்கினார். யோகா வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு, மைதானத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்கிறாராம். நேற்று விழாமல் ஒரு முழுச் சுற்று.

கத்தரி ஒரு கணம் நின்றது.

'என்னம்மா?' என்றன கண்ணாடியில் டீச்சரம்மாவின் உதடுகள்.

"முடியில சிக்கு டீச்சர்" என்று, சிரிப்பை விழுங்கிக்கொண்டு சீப்பை எடுத்தாள்.

டீச்சரம்மா எழுந்துபோனதும் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். பார்லர்காரியின் கை சிவப்பை எடுக்கத் தட்டுக்குப் போனது. வந்தவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

'அது அங்கயே இருக்கட்டும்மா.'