நடுவுல ஒரு ஆஸ்பத்திரி

குடியை நிறுத்த உதவும் ஆலோசகர் வேலையில் நாங்கள் அதிகம் கேட்கும் வாக்கியம், "நேத்தோட விட்டுட்டேன் மேடம்" என்பதுதான். சொல்லும்போதே வாசனை வரும். வீட்டில் குடிக்கிறவர் ஒருவரை வைத்துக்கொண்டு, சட்டையை மோந்து பார்த்து, சொந்தக்காரர் விசேஷங்களைத் தவிர்த்து, காலம் தள்ளுகிற உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. நானும் உங்கள் கட்சிதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலைக்கு வந்தபின் நடந்தவற்றில், நினைத்தால் இன்றும் தெம்பு தருகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

தண்ணீர்ப் பிரச்சினை

அரசு ஆஸ்பத்திரியில் என் அறைக் கதவில் 'கவுன்சிலர்' என்று ஒட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் என்னிடம் வந்ததெல்லாம் ஒன்றியக் கவுன்சிலரைத் தேடி வந்தவர்கள்தான். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று உட்கார்ந்து சொல்வார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து வந்த தேவகியும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கோபமாகச் சொல்லி முடித்தார். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை, குடிப்பழக்கத்துக்கு ஆலோசனை சொல்கிறவள் என்றேன்.

எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். கணவர் ஏழுமலை தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவராம். காலையில் கண் விழித்ததுமே ஆரம்பித்துவிடுவதால் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்களாம். இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொன்னவர், கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கொழாயில தண்ணி வரல. எங்க ஊட்டுக்காரருக்கு தண்ணி நிக்கல. ரெண்டாவத நீங்க பாப்பீங்களா மேடம்?"

ரெண்டு ரயில்

அப்போது எங்கள் பக்கத்தில் குடிநோய்க்குப் படுக்கை கிடையாது. ரயிலேறி சென்னையில் இறங்கி, வேறு ரயில் மாறி, தூரத்திலிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஏழுமலையை இரண்டு முறை அனுப்பினேன். விடாமல் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பு உதறும், சிலருக்கு வலிப்பே வரும். முதல் ரயிலிலேயே அவருக்கு உதறல் எடுத்தது. தாங்காமல் இறங்கிக் குடித்துவிட்டார். போதையில் வந்தவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க முடியாது, தெளிந்தபின் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறையும் அதே கதைதான்.

அவரைத் திட்டுவதற்காகவே தேவகி என் அறைக்கு இழுத்து வந்தார். திட்டு வாங்கிய ஏழுமலை என்னிடம் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே எங்கள் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"குடிக்காம அங்க போய்ச் சேர முடியல. குடிச்சுனு போனா உள்ள சேத்துக்க மாட்றாங்க. நடுவுல ஒரு ஆஸ்பத்திரி கீதுங்களா மேடம்?"

கிரேன்

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் இளைஞர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். "இங்கயே பொது வார்டுல ஒரு கட்டில் குடுப்போம். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட போன்ல கேட்டுக் கேட்டு நான் பாத்துக்கிறேன்" என்றார். வார்டில் எல்லாருக்கும் பயம். வசந்தி சிஸ்டர் மட்டும், "என் டூட்டில போடுங்க" என்றார்.

ஊசி, மருந்து எல்லாம் போட்டும் ஒரு பகல் பொழுது ஏழுமலைக்குப் புத்தி தடுமாறியது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேல் இரும்புக் கட்டு தொங்குவதாகக் கத்தினார். கீழே ஆள் நிற்கிறான், நசுங்கிவிடுவான் என்று அழுதார். தேவகி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அதட்டினால் ஆகாது என்று கண்ட வசந்தி சிஸ்டர், கிரேன் ஓட்டுகிறவருக்குக் காட்டுவதுபோல் கையால் சைகை காட்டி, "எறக்குங்க, மெதுவா, இன்னும் கொஞ்சம், வச்சாச்சு, ஆளு நவுந்துட்டான்" என்று பொறுமையாகச் சொன்னார். ஏழுமலை பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். டாக்டர் மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். ஏழுமலை தூங்கி எழுந்தபோது மனைவியை அடையாளம் கண்டு இட்லி கேட்டார். தேவகி அப்போதுதான் அழுதார்.

அவர் தெளிந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று வசந்தி சிஸ்டர் என்னிடம் சொன்னது:

"இன்னும் யாருனா மில்லுக்காரங்க இருந்தா அனுப்புங்க மேடம். எனக்குத்தான் கிரேன் வேல தெரிஞ்சிடுச்சே."

திங்கட்கிழமை மனு

ஏழுமலை தெளிந்த செய்தி பரவியதும், எளாவூரிலிருந்தும் பழவேற்காட்டு மீன்பிடிக் குப்பங்களிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு கட்டில் எத்தனை பேருக்குப் போதும்? தேவகி அவர்களைச் சேர்த்துக்கொண்டு, திங்கட்கிழமை திருவள்ளூரில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குக் கிளம்பினார். பஸ் மாறி மாறிப் போவதற்குள் பாதிப் பேருக்கு வாந்தி. துணைக்கு நானும் போயிருந்தேன்.

பெண்கள் கூட்டமாக வந்ததைப் பார்த்த அதிகாரி, மதுக்கடையை மூடச் சொல்லும் மனு என்று நினைத்து, அது தன் கையில் இல்லை என்று ஆரம்பித்தார். தேவகி அவரை முழுதாகப் பேசவிட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"கடய மூடச் சொல்லி நாங்க வரல சார். ஆஸ்பத்திரிய தொறக்கச் சொல்லி வந்துகிறோம்."

டீ ஆத்தியவர்

திறந்தார்கள். ஆரம்பாக்கத்திலேயே குடிநோய்க்கென்று ஒரு கிளினிக்; செவ்வாய்தோறும் டாக்டர், மருந்து, நான். முதல் செவ்வாய் வாசலில் 'குடிநோய் சிகிச்சை' என்று பெரிதாகப் போர்டு வைத்தோம். அந்தப் போர்டுக்குக் கீழே நிற்க யாருக்குத் துணிவு வரும்? எதிர் டீக்கடையில் கூட்டம், எங்கள் பக்கம் ஈ காக்கை இல்லை.

ஆலைச் சட்டையோடு ஏழுமலை வந்தார். டீயும் காலி டம்ளரும் வாங்கிக்கொண்டு போர்டுக்கு நேர் கீழே நின்று, கையை உயரத் தூக்கி ஆற்றினார். "பாத்துக்கங்கபா, ஒரு சொட்டு சிந்தல. மறுபடியும் கிரேன்ல ஏத்திக்கினாங்க" என்றார். கடையிலிருந்த நெல் விவசாயி ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து டம்ளர்களை வாங்கினார். ஊற்றிப் பார்த்தார். டீ முழுக்க மண்ணில். யாரும் சிரிக்கவில்லை. அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரி நைனா. சீட்டு எங்க வாங்கணும், சொல்லு."

சறுக்கல்

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. மச்சான் கல்யாணத்தில் ஏழுமலை மறுபடி குடித்துவிட்டார். அவரைக் காட்டித்தானே மற்றவர்களை வரவழைத்தோம்?

அடுத்த செவ்வாய் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. தேவகி எங்கே என்றேன். வீட்டில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியாமல் வரவில்லை, சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றார். டாக்டர் அன்றே மருந்தை ஆரம்பித்தார். இப்போது நன்றாக இருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும் அவர்தான். அன்று வாசலில் அவர் சொன்னதை நான் பெருமையோடு எல்லாரிடமும் சொல்கிறேன்.

"முன்ன அவதான் என்ன இழுத்துனு வருவா. இந்தவாட்டி நானே நடந்து வந்தேன் மேடம். பக்கத்துலதான கீது."

வந்தவர் திரும்பி வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, திரும்பி வந்துவிட்டால் அதற்கும் சந்தோஷப்படுகிற வினோதமான உத்தியோகம் எங்களுடையது.