கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம்

நான் சம்பளத்துக்கு வீடியோ கேம் ஆடியவள். இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். "ஆடுறதுக்குச் சம்பளமா? அப்போ எங்ககிட்ட ஏன் லா சொல்லல?" என்று கேட்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு வேலை இருந்தது. ஊரில் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வைப்பதற்குள் வேலையே இல்லாமல் போய்விட்டது.

அப்போது நான் பூன் லேயில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஜூரோங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்ட வேண்டும். வலது பக்கம் ஒரு மலாய்ப் பெண், இடது பக்கம் ஒரு சீனப் பெண். மூன்று பேரும் தோள் உரசத்தான் உட்கார்ந்திருப்போம், ஆனால் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. எங்கள் லைன் லீடர் அம்மாள், "உங்களுக்குச் சம்பளம் விரலுக்குத்தான், வாய்க்கு இல்ல" என்பார். எனக்கு வாய் சும்மா இருக்காது. பேச ஆள் கிடைத்தால் போதும், அவர்கள் பஸ்ஸைத் தவறவிடும்வரை பிடித்து வைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு வாரம் முழுக்க பேச்சே இல்லாத வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவை ஒட்டிய கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருவேன். ஒருநாள் பூசை முடிந்து வெளியே வந்தால் பிடித்துக்கொண்டது மழை. ஒதுங்குவதற்காக ஒரு கடைத் தொகுதிக்குள் நுழைந்து, மேல்மாடியில் சத்தம் கேட்கிறதே என்று ஏறிப் போனேன். குளிர்சாதனம், சிகரெட் புகை, பீம் பீம் என்று சத்தம். வரிசையாக வீடியோ கேம் மெஷின்கள். பெரும்பாலானவை நின்றுகொண்டு ஆடுபவை. மூலையில் ஒன்று மட்டும் சாப்பாட்டு மேசை உயரத்தில், மேலே கண்ணாடி போட்டிருந்தது. படம் கண்ணாடிக்கு அடியில் ஓடும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி விண்கலம் ஓட்டிச் சுடலாம். நம் முறை வந்தால் படம் நம் பக்கம் திரும்பிக்கொள்ளும். அவர் முறை வந்தால் நமக்கு எல்லாம் தலைகீழாகிவிடும், அதனால் பார்க்க ஒன்றும் இருக்காது. எதிரே இருப்பவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த முகத்தைப் பார்க்கிற வசதிக்காகத்தான் நான் அந்த மேசையில் விழுந்தேன் என்று இன்றைக்குச் சொல்வேன். ஆட்களின் முகங்கள் ஆடும்போது என்னென்ன செய்யும் தெரியுமா! ஒருவர் நாக்கைத் துருத்துவார். ஒருவர் மூச்சே விடமாட்டார். முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே சுடுகிறவர் ஒருவர் இருந்தார். இடையில் ஏதாவது பேசிக்கொண்டும் இருக்கலாம். என் விரல்களோ மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பழகியவை. சில ஞாயிறுகளிலேயே எனக்கு எதிரே உட்கார்ந்தவர் எல்லாரும் தோற்று எழுந்திருக்க ஆரம்பித்தார்கள்.

கடைக்காரர் ஒரு சீனர். தவுக்கே, அதாவது முதலாளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மலாயும் ஆங்கிலமும் கலந்த கடைவீதிப் பேச்சு அவருடையது, நான் தமிழில் எழுதுகிறேன். ஒருநாள் அவர் வந்து, "நீ இனிமே காசு போடாதே. சனி, ஞாயிறு வந்து உட்காரு, வர்றவங்களோட ஆடு, நான் சம்பளம் தர்றேன். பொம்பளை ஆடினா கூட்டம் வரும்" என்றார். கூட்டம் வந்தது. என்னோடு ஆட விரும்புகிறவர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். அடுத்த முறை எனக்கு என்று அர்த்தம். அந்த மாதங்களில் கண்ணாடி ஓரம் முழுக்க நாணயங்கள் வரிசையாக நின்றன. தமிழ்ப் பையன்கள், சீனப் பையன்கள், சீருடையோடு வந்த ராணுவப் பையன்கள். "அக்கா, மெதுவா லா, இப்பத்தான் சம்பளம் வாங்கிட்டு வர்றேன்" என்று கெஞ்சிக்கொண்டே உட்காருவார்கள். எனக்கு வாய் ஓயாது. வாழ்க்கையில் அவ்வளவு பேசியதில்லை.

தவுக்கே என்னை மற்ற கேம் கடைகளுக்கும் கூட்டிப் போனார். அவர்கள் கடை ஆள், எங்கள் கடை ஆள் என்று பந்தயம். கேலாங்கில் ஒரு கடையில் அவர்களுடைய பெரிய கையை ஜெயித்தேன். ஒல்லியான சீன இளைஞன். ஆட்டம் முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லாரும் தவுக்கேயின் முதுகில்தான் தட்டினார்கள். வீட்டுக்கு வந்தேன். அண்ணி என்னைப் பார்த்து, "கண்ணெல்லாம் செவந்திருக்கே. தலைவலியா? தைலம் தேய்ச்சு விடவா?" என்றாள். ஆமாம் என்று படுத்துக்கொண்டேன். ஜெயித்தேன் என்று சொன்னால் எதில் என்று கேட்பாள். அதை விளக்கி முடிப்பதற்குள் ஜெயித்தது ஆறிப்போய்விடும்.

கேலாங்கிலிருந்து திரும்பிய பிறகுதான் கண்ணாடி ஓரத்தில் நாணயங்கள் குறைய ஆரம்பித்தன. பார்க்க வந்தார்கள், உட்காரவில்லை. ஒரு தமிழ்ப் பையன் தன் கூட்டாளியிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னான்: "டேய், அக்காகிட்ட காசு வைக்கிறதும் கோயில் உண்டியல்ல போடுறதும் ஒண்ணுதான் லா. உண்டியல்ல போட்டா புண்ணியமாச்சும் கிடைக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல பேச்சுதானே. ஆனால் அன்று சாயங்காலம்வரை ஒரு நாணயமும் வரவில்லை. எதிர் நாற்காலியின் மேல் யாரோ மழைக்கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஆளில்லாத அந்தப் பக்கத்துக்கும் நானே நாணயம் போட்டு, எழுந்து போய் அங்கே உட்கார்ந்து ஆடிவிட்டு, திரும்ப வந்து என் பக்கம் ஆடினேன். கடையைப் பெருக்குகிற ஆன்ட்டி, "இதென்ன, நீயே சமைச்சு நீயே விருந்தாளியா?" என்றார்.

ஒருவர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தமிழர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். கேலாங் பக்கம் வீடு. லீவு நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். ஆட்டத்தில் அவசரமே கிடையாது. கன்டெய்னரை இறக்குகிற மாதிரி விண்கலத்தைப் பதமாக இறக்கி வைப்பார், அதற்குள் எதிரிக் கலங்கள் சுட்டுத் தள்ளிவிடும். அப்புறம் நிமிர்ந்து, "சரி, போச்சு. நீங்க சொல்லுங்க, இந்த வாரம் ஃபேக்டரில என்ன கூத்து?" என்பார்.

ஒருமுறை கேட்டேன், "தோத்துக்கிட்டே இருக்கீங்களே, சலிக்கலையா?"

"நாள் முழுக்க நான் மேல தனியா இருக்கேன். கடல் தெரியுது, கப்பல் தெரியுது, கீழ ஆளுங்க எறும்பு மாதிரி தெரியுறாங்க. ஒருத்தன் குரல் கேக்காது. வாக்கி டாக்கில 'மேல', 'கீழ'ன்னு மட்டும் சொல்வாங்க. இங்க உட்கார்ந்து தோத்தாலும் எதிர்ல ஆள் இருக்கு இல்ல?"

அவரை நான் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். மற்றவர்களை அண்ணே என்பேன், தம்பி என்பேன். இவரிடம் அண்ணே என்று வாய் வரவில்லை. பெயர் சொல்லவும் முடியாது. 'இங்க பாருங்க' என்று ஆரம்பித்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை தவுக்கே என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார். "நீ ரொம்ப நல்லா ஆடுறே. அதான் எனக்கு நஷ்டம். வர்ற ஆள் ஜெயிக்கணும், அப்பத்தான் திரும்ப வருவான். அந்த கிரேன்காரன்கிட்ட முதல்ல தோத்துக் காட்டு. மத்தவன் பார்த்துட்டு வந்து காசு வைப்பான். முடியாதுன்னா நான் வேற ஆள் பார்த்துக்கிறேன்." கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் தட்டித்தான் சொன்னார்.

மறுநாள் கிரேன்காரர் வந்து உட்கார்ந்ததும் நான் மறைக்கவில்லை. "இங்க பாருங்க, உங்ககிட்ட தோக்கச் சொல்லியிருக்காரு."

அவர் பெரிதாகச் சிரித்தார். "தோத்துக் காட்டுவீங்களா?"

"தோத்தா இந்த வேலை இருக்கும். இல்லன்னா இந்த மேசையே இல்ல."

சிரிப்பு போய்விட்டது. "தோக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எப்படி உங்க மூஞ்சியப் பாக்குறது? ஒழுங்கா ஆடுங்க" என்றார்.

ஒழுங்காக ஆடினேன். அவரும் அன்று என்றைக்கும் இல்லாத அளவுக்கு நன்றாக ஆடினார். கன்டெய்னர் இறக்குகிற நிதானம் போய், உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் வேர்த்து. தவுக்கே வந்து என் பின்னால் நின்றார். அவர் சட்டையிலிருந்த புகை வாசம் வந்தது. நான் ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தான் என்கிற இடத்தில் என் விரல் என்னைக் கேட்காமல் சுட்டு ஜெயித்துவிட்டது. தவுக்கே கல்லாவுக்குப் போனார். அன்றைய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுத்து, "கையை நல்லாப் பார்த்துக்கோ" என்றார். அத்தோடு முடிந்தது. வேறு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஜெயிக்கிற ஆள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதன்பின் கொஞ்ச காலத்தில் அந்தக் கடைகளுக்கு உரிமமே கிடைக்காமல் போய், ஒவ்வொன்றாக மூடினார்கள்.

ஆனால் அன்று படி இறங்கும்போது எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. கிரேன்காரரும் கூடவே இறங்கி வந்தார். "மேசை போனா என்ன, டீக்கடை மேசை இல்லையா? வாங்க" என்றார். அட, இது ஏன் எனக்குத் தோன்றாமல் போனது என்று நினைத்தேன். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு டீ சொன்னார்.

கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அங்கே கைகளுக்கு வேலை இருந்தது. இங்கே அவர் கை டம்ளரைச் சுற்றியது, என் கை கைக்குட்டையை மடித்தது. பக்கத்து மேசைக் குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. கேம் மேசையில் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்தால் ஆட்டம். டீக்கடையில் உட்கார்ந்தால் அது வேறு. இருவருக்கும் அது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க வீட்டுல யாரு யாரு?" என்று கேட்டார். அண்ணன், அண்ணி என்றேன். ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவு மாதங்களில் நாங்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டதே இல்லை. அங்கே கேட்கத் தேவை இருக்கவில்லை. இங்கே வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் எதுக்கு வருவீங்க, கோயிலுக்கா?"

"பூசைக்கு. மாதா கோயிலுக்கு."

"ஓ, சர்ச்சா" என்றார்.

அந்த 'ஓ'வில் தப்பாக ஒன்றுமில்லை. நல்ல மனுஷன். பிறகு டம்ளரிடம் சொல்வது போல, "எங்கம்மா எனக்குப் பொண்ணு பாக்குறாங்க. ஊர்லயிருந்து ஒரு போட்டோ வந்திருக்கு" என்றார்.

"நல்லது" என்றேன்.

"நீங்க பேசுங்களேன். எப்பவும் பேசுவீங்களே."

"பேச என்ன இருக்கு, நீங்கதான் ஷிஃப்டுக்குப் போகணுமே."

ஆமாம் என்று எழுந்தார். அன்று அவருக்கு லீவு என்று இருவருக்கும் தெரியும். போய்வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு, கேலாங் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். என் டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. அதை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு மெதுவாகக் குடித்து முடித்தேன்.