மேட்டில் நிறுத்தி எடுத்த வண்டி

பள்ளிக்கூடத்தின் கடைசியான ஐந்தாம் படிவச் சோதனை முடிந்த மறுநாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். குழாயடியில், கோயிலில், கம்போங் ராஜா போகிற பஸ்ஸில், எங்கே போனாலும் அதே கேள்வி: "அப்புறம் என்ன செய்யப் போற?" கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பதில் தெரியாத கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கோ கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம், "பிரதமர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்க்கா, இன்னும் பதில் வரல" என்றேன். அன்று சாயங்காலமே அது அம்மா காதுக்கு வந்துவிட்டது. அம்மா துடைப்பத்தை எடுத்தாள்.

வாய் அப்படிப் பேசியதே தவிர, உள்ளே பயந்து கிடந்தேன். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் லயத்து வரிசை வீடு தேயிலை எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை செய்கிறவர்களின் பெயர் எழுதும் செக்ரோலில் வீட்டில் ஒருவர் பெயராவது இருந்தால்தான் வீடு. அம்மா கூடையோடு மலையில் வழுக்கி விழுந்து, இடுப்பு பிசகி, வேலையை விட்டு மூன்று வருடமாகிவிட்டது. அண்ணன் சிங்கப்பூருக்குப் போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். தேயிலைச் செடி கவாத்து வெட்டும் அப்பாவின் பெயர் ஒன்றுதான் மிச்சம். அடுத்த வருடக் கடைசியில் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து ஆகிறது, அத்தோடு வேலையும் முடிகிறது. அதற்குள் என் பெயர் ஏறாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசினாள்.

"கூடைய எடு. ரெண்டு வருஷம் கொழுந்து பறி. அப்பறம் பாக்கலாம்லா."

கொழுந்து பறிப்பதை நான் கேவலமாக நினைக்கவில்லை. அந்தக் கையால் சம்பாதித்த சோற்றைத்தான் தின்று வளர்ந்தேன். ஆனால் அம்மாவிடமும் ஒரு காலத்தில் இரண்டு வருடம் என்றுதான் சொன்னார்களாம். அது இருபத்தைந்து வருடமானது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, வேறு என்ன செய்வேன் என்று சொல்லத்தான் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி டீச்சர் என்றாள், ஒருத்தி நர்ஸ் என்றாள். எனக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். பிள்ளைகளை என்னிடம் விட்டால் அடித்தே நொறுக்கிவிடுவேன். டைப்பிங் வகுப்புக்கு இரண்டு வாரம் போனேன், மூன்றாவது வாரம் அந்த மிஷினைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது. சோதனை முடிவு வந்தபோது மூன்றாம் தரத்தில் தேறியிருந்தேன், மலாய்மொழியில் மயிரிழையில். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலைக்குக்கூட அது எட்டாது.

சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு சீனர் தோட்டத்தில் முட்டைகோஸ் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சரிவின் அடியிலிருந்து கூடைகளை ரோட்டுக்கு ஏற்ற அங்கே கதவில்லாத பழைய லேண்ட் ரோவர் ஒன்று இருந்தது. கூடை பிடிப்பதற்காக நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் அவர் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் கால் எப்போது அமுக்குகிறது, எப்போது விடுகிறது என்று மூன்று மாதத்தில் எனக்கு மனப்பாடம்.

ஒரு காலையில் டிரைவர் வரவில்லை. ரோட்டில் ஈப்போ லோரி வந்து ஹாரன் அடிக்கிறது. கோஸ் அத்தனையும் பள்ளத்தில் கிடக்கிறது. முதலாளி ஊரில் இல்லை. யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன். மூன்று தடவை என்ஜின் நின்றது. நாலாவது தடவை வண்டி குதித்துக் கிளம்பியது. முதலாளியம்மா கையில் மண்வெட்டியோடு ஓடிவந்து, கோஸ் நசுங்கினால் நீதான் காசு கொடுக்க வேண்டும் என்று மலாயில் கத்தினார். நாலு கோஸ் உருண்டு விழுந்தன. மற்றதெல்லாம் லோரியில் ஏறிவிட்டது. மறுநாள் அந்த அம்மாவே சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அன்று முழுவதும் அடுத்து என்ன என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று மாதக்கணக்காக யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு யோசிக்க ஒன்றுமே இல்லை.

லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்றதும் அம்மா தலையில் கை வைத்தாள்.

"பொம்பளப் புள்ள வண்டி ஓட்டுனா எவன்டி கட்டிக்குவான்?"

"கட்டிக்கிறவன் பின்னால ஏறி ஒக்காரட்டும்" என்றேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

டிரைவிங் டெஸ்டுக்கு மலையிலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டும். கீழே ஒரே வெயில். மீசை வைத்த மலாய்க்கார அதிகாரி கையில் ஃபைலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். சொன்ன இடத்தில் எல்லாம் திருப்பினேன். கடைசியில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பிரேக்கை இழுத்தேன். கியரைப் போட்டேன். கதவைத் திறந்து இறங்கி, கல் தேடினேன்.

எங்கள் மலையில் யாரும் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே போய்விட மாட்டார்கள். இறங்கிய உடனே டயருக்கு அடியில் ஒரு கல்லோ கட்டையோ வைக்க வேண்டும். இல்லையென்றால் நாம் திரும்பி வருவதற்குள் வண்டி கீழே கோலா தெர்லா ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அந்த வழக்கத்தில் என் கால் தானாகச் சாக்கடை ஓரத்துக்குப் போனது. அங்கே அரைச் செங்கல் ஒன்று கிடந்தது. அதை எடுத்து வந்து பின் டயருக்கு அண்டக் கொடுத்து, காலால் ஒரு உதை உதைத்துச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தேன். ரோடு மேசை மாதிரி தட்டையாக இருந்தது.

அதிகாரி செங்கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். நான் மேலே இருந்து வருகிறேன் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து என்னை ஃபெயில் ஆக்கினார். வழி முழுக்க இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லையாம். அதுவும் உண்மைதான். மலையில் அதற்கு மேல் போட எங்கே இடம்?

பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன். பாதி அழுகை, பாதி கோபம். அப்பாவிடம் சொன்னதைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் எங்கள் வாசற்படிக்கு அண்டக் கொடுத்து வரிசையாக மூன்று செங்கல்.

"வீடு ஓடிரப் போவுதேன்னு வச்சோம்லா" என்றாள் அந்த அக்கா.

அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர மூன்று நாளானது. ஆனாலும் அந்தப் பேச்சு உள்ளே குத்தியது. வீடு ஓடத்தான் போகிறது, அதற்கு இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது.

இரண்டாம் தடவை மூன்றாவது கியர், நாலாவது கியர் எல்லாம் போட்டுக் காட்டினேன். நிறுத்தி இறங்கியபோது கை பரபரத்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு டயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றேன். அதே அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் எஸ்டேட்டில் பள்ளத்து மலையிலிருந்து தேயிலை மூட்டைகளை ஏற்றிவர ஒரு லேண்ட் ரோவர் இருந்தது. அதன் டிரைவர் அந்த மாதத்தோடு சிங்கப்பூர் போவதாகக் கேள்விப்பட்டேன். லைசென்ஸை எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனேன். கிராணி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்கப்பாவுக்காகப் பாக்கிறேன். பேரு எழுதணும்னா கொழுந்துக் கேங்குல எழுதிக்கலாம். டிரைவர் வேல ஆம்பள வேலலா."

"எந்தப் பொஸ்தகத்துல அப்பிடிப் போட்டிருக்கு? குடுங்க, படிச்சுப் பாக்கிறேன்" என்றேன்.

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன் போலிருக்கிறது. உள்ளறைக் கதவு திறந்து துரை வந்தார். வெள்ளைக்காரத் துரைகள் போய் அப்போது உள்ளூர்க்காரர்தான் மேனேஜர், ஆனாலும் எங்களுக்குத் துரைதான். சுமையோடு ஓட்டுவாயா என்று மலாயில் கேட்டார். ஓட்டுவேன் என்றேன். சரி, இப்போதே போகலாம் என்றார். ஒரு வாரமாவது அவகாசம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று காலையில் மழை வேறு பெய்திருந்தது.

பள்ளத்தில் மூட்டைகளை ஏற்றினார்கள். துரை என் பக்கத்தில், ஆட்கள் இரண்டு பேர் பின்னால் மூட்டை மேல். செம்மண் பாதை குழைந்து கிடந்தது. பாதி ஏற்றத்தில், எல்லாவற்றிலும் செங்குத்தான வளைவில் துரை நிறுத்து என்றார். நிறுத்தினேன். இப்போது எடு என்றார்.

இரண்டு பக்கமும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் அம்மாவோடு வேலை பார்த்தவர்கள். மேலே இருந்து ஒரு குரல் வந்தது. "ஏ புள்ள, செங்கல் கொண்டாரட்டா?"

மலையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம். அந்தக் கோபத்தில் பயம் போய்விட்டது. கிளச்சை மெல்ல விட்டேன். பின் டயர் வெறுமனே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. வண்டி ஒரு சாண் பின்னால் சறுக்கியது. மூட்டை மேலிருந்த ஒருவர் குதித்தே விட்டார். துரை கம்பியைப் பிடித்தார். ஆக்சிலேட்டரை இன்னும் அமுக்கு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நான் காலைத் தளர்த்தினேன். ஈரக் கோஸ் தோட்டத்தில் என் கால் கற்றுக்கொண்டது அது. டயர் மண்ணைப் பிடித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி மேலே ஏறியது.

யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, சரிவு முழுக்கக் குலவை கேட்டது. கோயில் திருவிழாவில் போடுகிற குலவை, அங்கே கூடையும் தலைத்துணியுமாக நின்று எனக்காகப் போட்டார்கள். செங்கல் கேட்ட குரல்தான் அதிலும் பெரிய குரல். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, பாதை தெரிய வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு வந்து இறங்கிய துரை, கிராணியைக் கூப்பிட்டு என் பெயரை எழுதச் சொன்னார். டிரைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுத கிராணிக்கு வெகுநேரம் பிடித்தது. பக்கத்திலேயே நின்று எழுத்துப் பிழை இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அப்பா வேலையிலிருந்து நின்ற அன்று வீட்டு லிஸ்டில் அவர் பெயரை அடித்து என் பெயரைப் போட்டார்கள். இந்த விஷயம் பேராக் பக்கம் இருந்த அம்மாவின் அண்ணனுக்குத் தெரியாது. எப்படியும் வீடு போய்விடும் என்று, அக்கறையில் வேன் பிடித்துக்கொண்டு வந்து நின்றார் மாமா.

"சட்டி பானைய எடுத்து வைங்க. எங்கூடவே வந்துருங்க. இனிமே இங்க என்ன இருக்கு?"

எங்கள் ஜனத்தில் மகள் வீட்டிலோ பெண்டாட்டி வீட்டாரோடோ போய் இருப்பதைக் குறைச்சலாக நினைப்பார்கள். அப்பா அதிலும் ரொம்பக் கெட்டி. தன் தங்கச்சி வீட்டுக்குப் போனால்கூடத் தேத்தண்ணி குடித்ததோடு எழுந்துவிடுவார். அதனால் மாமாவுக்கு என்ன சொல்வார் என்று எனக்குத் திக்கென்றிருந்தது.

அப்பா எழுந்திருக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து காலை நன்றாக நீட்டிக்கொண்டார்.

"எங்க மச்சான் வர்றது? நாங்க எம் மக வீட்டுல இருக்கோம். ஒக்காரு, சாப்பிட்டுப் போலாம்."