முப்பது போர்வைகளோடு ஒரு குடிபூரல்

இரண்டு வருடங்களுக்கு முந்திய தை மாதம். டென்மார்க்கில், ஹேர்னிங் நகருக்கு வெளியே என் மகள் கட்டிய புது வீட்டுக்கு அன்று குடிபூரல், பால் காய்ச்சிக் குடிபுகும் நாள்.

அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து மின்கம்பி கிடையாது. கூரையில் சோலர் தகடுகள், உள்ளே பெரிய பட்டரிகள், ஒரு சின்ன விறகடுப்பு, அவ்வளவுதான். யன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. ஒரு முழத் தடிப்புச் சுவருக்குள் பழைய பத்திரிகைத் தாளை அரைத்து அடைத்திருந்தாள். கடதாசியால் குளிரை மறிக்கிறாளாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவள் காட்டிய கணக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: தை மாதத்தில் இங்கே சூரியன் தலை காட்டுவதே அபூர்வம். வருகிற முப்பது பேரும் விறைக்கப்போகிறார்கள், எல்லோரும் என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள் என்று ஒரு கிழமையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்குத் தெரியாமல் எல்லோருக்கும் போன் எடுத்தேன். தடித்த உடுப்போடு வாருங்கள், ஆளுக்கொரு போர்வையும் கொண்டுவாருங்கள் என்றேன். அன்று காலை, அடுப்புக்கு நாலு விறகு போதும் என்று சொல்லிவிட்டு அவள் சேலை உடுக்கப் போனாள். நான் பயத்தில் இன்னும் ஆறை உள்ளே தள்ளினேன்.

பால் பொங்கியது. ஆட்கள் நிறைந்தார்கள். அரை மணி நேரத்தில் வீடு வெக்கையில் அவிந்தது. பட்டுச்சேலைக்கு மேல் போட்ட ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஓல்போர்க்கிலிருந்து வந்த என் மச்சான் நெற்றியைத் துடைத்தபடி, "போர்வை கொண்டுவரச் சொல்லிப்போட்டு எங்களை அவிக்கிறியளோ அத்தான்?" என்றார்.

மூலையில் குவிந்திருந்த போர்வைகளை மகள் அப்போதுதான் பார்த்தாள். இதெல்லாம் எதற்கு என்று டேனிஷில் கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். மகளின் முகம் வாடிவிட்டது.

"என்னில நம்பிக்கை இல்லையாப்பா?" இந்த முறை தமிழில் கேட்டாள்.

"உன்னை நம்பினனான் பிள்ளை. சூரியனைத்தான் நம்பேல்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பியது. வெளியே பனி கொட்டக் கொட்ட யன்னல்களைத் திறந்துவிட்டாள். மனித உடம்பும் ஒரு சின்ன ஹீட்டர் மாதிரித்தான், முப்பது பேரின் சூட்டையும் சேர்த்துத்தான் நாலு விறகு என்று அளந்தேன் என்றாள்.

"நீங்களும் கணக்கில இருக்கிறீங்கள் அப்பா. ஓடித் திரியிறதால உங்களுக்குக் கொஞ்சம் கூடவாப் போட்டனான்."

இப்போதும் மனம் பதறத் தொடங்கினால், எனக்கு விளங்காத அந்தக் கணக்கில் என் சூட்டுக்கும் ஓர் இடம் இருந்ததை நினைத்துக்கொள்வேன். பாதிப் பயம் போய்விடும், மற்றப் பாதி என்னோடு பிறந்தது.