மேற்கே உதித்த சூரியன்கள்

எங்கள் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. ராஜபாளையத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் தெரிகிற விஷயம்தான். காலையில் சூரியன் ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறைக்கோ செல்போன் டவருக்கோ பின்னாலிருந்து கிளம்பி வரும். மலைக்குப் போவதெல்லாம் சாயந்தரம்தான்.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்து மாடியில் நடந்த ஓவியக் கண்காட்சியில், ஒரு சுவர் முழுக்க மலையிலிருந்துதான் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மலை, நடுவில் சூரியன், அதன் அடியிலிருந்து ஒரு ஆறு, ஆற்றில் ஒரு படகு, கரையில் ஒரு குடிசை. வரைந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். தேர்தல் நேரமாக இருந்திருந்தால் அதிகாரிகள் வந்து அத்தனை சூரியனையும் துணி போட்டு மூடியிருப்பார்கள். படகு எங்கே ஓடுகிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஆற்றில் படகை இறக்கினால் பாதி வருஷம் பாறையில் உட்காரும், மீதி வருஷம் மணலில் உட்காரும்.

சிரிக்கிறேனே தவிர, அங்கே என் படமும் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் இல்லை. சுவரெல்லாம் பெரிய ஆட்களுக்கே சரியாகிவிட்டது. அந்த மாடி மற்ற நாட்களில் காதுகுத்துக்கும் சடங்குக்கும் பந்தி போடுகிற இடம். வெள்ளையடித்து, நாலு ட்யூப்லைட் கூடுதலாக மாட்டி, வாசலில் 'கேலரி' என்று எழுதிவிட்டார்கள். சாம்பார் வாசனையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் படத்துக்குக் கிடைத்த இடம் கை கழுவுகிற குழாய் வரிசைக்கு மேலே. காலையிலிருந்தே எனக்குப் பயம். ஆணி விட்டுவிட்டால் தண்ணித் தொட்டிக்குள் விழும். விழாவிட்டால், எவனாவது பழக்க தோஷத்தில் கை கழுவி உதறுவான். சிலிண்டரை மூடிவிட்டு வந்தோமா என்று ஒரு பக்கம். மழை வந்து கொடியில் காய்கிற துணி நனையுமோ என்று ஒரு பக்கம். வானத்தில் மேகமே இல்லை, அதுவும் ஒரு பயமாக இருந்தது.

இத்தனை பயத்தோடு ஏன் போனேன் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. கண்காட்சியை நடத்துகிற ஓவியர் சங்கத்தில் ஒரு வழக்கம். கண்காட்சிக்கு வருகிற சிறப்பு விருந்தினர் போகும்போது ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போவார். யார் படம் போகிறதோ, அவர்தான் அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் பிள்ளைகளுக்கு டிராயிங் வகுப்பு எடுக்க வேண்டும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு மில்லை விட்டு வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வரையக் கற்றதெல்லாம் செல்போனைப் பார்த்துத்தான். என்னை ஒரு பிள்ளையாவது 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும். ரொம்ப நாளாக உள்ளே கிடந்த ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை.

துணைக்கு மதினி வந்திருந்தாள். மதினி என்றால் வீட்டுக்காரரின் அக்கா. இன்னும் மில்லுக்குப் போகிறவள். படத்தைப் பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றியபோதே அவள் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. கண்டக்டர் இது என்ன, கண்ணாடியா என்று கேட்டதற்கு, இல்லை, எங்க தம்பி சம்பாத்தியம் என்று பதில் சொன்னாள். பெயிண்டும் துணியும் வாங்கியே அவள் தம்பியை நான் தரித்திரமாக்கிவிட்டேன் என்பது அவள் கட்சி.

படம் இதுதான். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. மலையடியில் ஒரு மில், அதன் கேட் சின்னதாகத் தெரிகிறது. கேட்டிலிருந்து மண் ரோட்டில் நாலைந்து பெண்கள் நம்மைப் பார்த்து நடந்து வருகிறார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். காலியான தூக்குவாளி கையில் ஆடுகிறது. தலைமுடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. நான் மில்லில் இருந்தபோது ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் அது ஒன்றுதான். மற்றபடி பெரிய ஓவியம் என்று சொல்ல மாட்டேன். முன்னால் வருகிறவள் மதினி. மூக்கு சரியாக வரவில்லை. தென்னை மரங்கள் செல்போனிலிருந்து வந்தவை, எங்கள் ஊர்த் தென்னை அவ்வளவு ஒயிலாக வளையாது.

படத்துக்குக் கீழே 'சாயந்தரம்' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். சங்கத்துச் செயலாளர் வந்து பார்த்தார். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், எல்லாருக்கும் சார். சுவரில் இருந்த படகுகளில் பெரிய படகு அவருடையது. அட்டையைப் படித்ததும் கவலைப்பட்டார்.

"சூரியன் இறங்குத படத்தை எவன் தாயி வாங்கி மாட்டுவான்? யாவாரம் இறங்கிரும்னு பயப்படுவாக."

அட்டையைக் கிழித்துவிட்டு, அவரே அழகான கையெழுத்தில் 'விடியல்' என்று எழுதி ஒட்டினார். எல்லாச் சூரியனும் ஏன் மேற்கே உதிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வரைந்தவர்களுக்குத் திசை தெரியாமல் இல்லை. வாங்குகிறவர்களுக்குப் பயந்து உதிக்கிறது. எனக்கும் பயம்தானே. ஓரம் தூக்கியிருந்த அட்டையை நானே அழுத்திவிட்டேன்.

சுவரின் நடு இடம் பால்கோவா கடைக்காரருக்குப் போயிருந்தது. அவர் வரைந்தது மலை அணில். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று செண்பகத்தோப்புக்குப் போயிருக்கிறார். வனத்துறை செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செக்போஸ்ட் வாசலில் அணில் படம் போட்ட போர்டு ஒன்று உண்டு. அதை நின்று நிதானமாகப் பார்த்து வரைந்துவிட்டார். அதனால் அணில் ஆதார் கார்டுக்குப் போட்டோ எடுப்பதுபோல நேராக முறைத்துக்கொண்டிருந்தது. போர்டில் துரு இறங்கியிருந்த இடத்தைக் கூட விடாமல் அணிலின் முதுகில் பழுப்பாகப் போட்டிருந்தார். நல்ல மனுஷன். எங்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பால்கோவா கொடுத்தார்.

சிறப்பு விருந்தினர் ஒரு மில் முதலாளி. நான் வேலை பார்த்த மில் அவருடையது இல்லை, ஆனால் அதே ரோட்டில்தான் அவர் மில்லும். தாமதமாக வந்தார். குத்துவிளக்கு அணையாமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தினார்கள். அவர் இயற்கையைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை மறுபடி போட யாருக்கும் தைரியம் வரவில்லை. மரம் வளர்க்கச் சொன்னார். காற்றின் அருமை என்ன என்பதை அன்றைக்கு எல்லாரும் நன்றாகவே உணர்ந்தோம்.

பிறகு படங்களைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். சூரியன்களை வேகமாகக் கடந்து போனார். அணிலுக்கு முன்னால் கடைக்காரர் அவர் உள்ளங்கையில் பால்கோவா வைத்தார். தின்று முடித்ததும் கை பிசுபிசுத்தது. குழாயைத் தேடி வந்தார். அப்படித்தான் என் படம் அவர் கண்ணில் பட்டது. கை கழுவிக்கொண்டே பார்த்தார், குழாயை மூடாமலே நின்று பார்த்தார். எனக்குத் தண்ணீர் வீணாகப் போகிறதே என்று வேறு பதறியது.

"இது நம்ம மலைல்லா?"

"ஆமாங்கய்யா, விடியல்" என்றார் சார்.

"பார்த்தீகளா, பிள்ளைக காலங்காத்தால வேலைக்கு வருதாக. தலை நிறைய மல்லியப்பூ வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. இப்பம் எவ நேரத்துக்கு வாரா? இதை நம்ம மில்லு வாசல்ல மாட்டிருவோம். பார்த்தாவது புத்தி வரட்டும்."

அதுவரை அந்தப் பக்கமே திரும்பாத ஓவியர்கள் எல்லாரும் வந்து குவிந்து மல்லிகைப்பூவைப் பாராட்டினார்கள். ஒருவர் வாசனை வருகிறது என்றார். சாம்பார் வாசனையைத் தாண்டி அவருக்கு எப்படி வந்ததோ.

மதினி என் காதருகில் வந்தாள். "ஏட்டி, பூவாம்ல" என்றாள்.

சார் கண்ணாலேயே எனக்குச் சைகை காட்டினார், கும்பிடு என்று. கும்பிட்டேன். வகுப்பு என் கைக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எந்தச் சேலை கட்டுவது என்பதுவரை மனசு போய்விட்டது. வாய் மட்டும் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

"அது பூ இல்லங்கய்யா. பஞ்சு."

"பஞ்சா?"

"தலையில ஒட்டுத பஞ்சு. அவுக வேலைக்கு வரலங்கய்யா, ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குப் போறாக. பின்னால கேட்டு இருக்கு பாருங்க. அது சாயந்தரம்."

காலையிலும் அப்படித்தான் இருக்கும் என்று சார் அவசரமாகச் சொன்னார். முதலாளிக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. ஒரு நூல் மில்லையே வைத்திருக்கிறவர் பஞ்சைப் பூ என்று சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு சின்ன ரிப்பேர் வேலை.

"சரி, இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளை மட்டும் கேட்டைப் பார்த்துத் திருப்பி விட்ரும்மா. மாட்டிருவோம்."

ரெண்டு நாளில் பண்ணிக்கொடுத்துவிடுவாள் என்று சார் எனக்காக ஒப்புக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் பெரிய வேலையே இல்லை. முகம் இருக்கிற இடத்தில் பின்னலைப் போட்டுவிட வேண்டியது. மூக்குத் தொல்லையும் தீரும். பஞ்சு தானாகவே பூவாகிவிடும். நாலைந்து பெண்களைத் திருப்பிவிட்டால் நான் டீச்சர். எல்லாரும் என் தலை ஆடுவதற்குக் காத்திருந்தார்கள். நானும் ஆட்டத்தான் போனேன்.

"இப்பந்தாங்கய்யா வெளிய வந்தாக. அதுக்குள்ள எப்படி உள்ள அனுப்ப?"

மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னேன். ஆனால் மதினி சிரித்துவிட்டாள். மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. அந்தச் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. என் வகுப்பு அந்தச் சிரிப்போடு போயிற்று.

முதலாளி திரும்பி நடந்தார். அணிலுக்கு முன்னால் நின்றார். முதுகில் இருந்த பழுப்பைக் காட்டி, கலர் அப்படியே தத்ரூபம், நேரில் பார்த்தவனுக்குத்தான் இது வரும் என்றார். அணில் அவர் காரில் ஏறியது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் பால்கோவா கடைக்காரர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இனி வரைகிற அணிலுக்கெல்லாம் துரு ஏறும்.

அடுத்த வருஷம் பார்ப்போம் தாயி என்றார் சார். அணில் வரைந்து பாரேன் என்றும் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மலைப் பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்தது. படம் மதினி மடியில். சுற்றியிருந்த சேலையை விலக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் அவள் அப்படிப் பார்க்கவில்லை. வெளியே சூரியன் நான் வரைந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் புதுசாக ஒரு பயம். பின்னால் வருகிற ஒருத்தியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஏட்டி, இவ தலையில எம்புட்டுப் பஞ்சு பாரு. அப்பம் இவ தொப்பி போடல. எங்க சூப்பர்வைசர் பார்த்தாருன்னா தொலைஞ்சா."

நான் மில்லில் இருந்த காலத்தில் தொப்பி எல்லாம் கிடையாது. இப்போது தலையில் பஞ்சு ஒட்டாதபடி துணித் தொப்பி மாட்டாமல் மிஷின் பக்கம் விடுவதில்லையாம், மதினி சொல்லித்தான் தெரியும். வீட்டில் படத்தை மாட்டி, 'விடியல்' அட்டையைப் பிய்த்து எடுத்தேன். வகுப்பு போனது கூட ஒரு மாதிரி ஆறிவிட்டது. இது ஆறவில்லை. அந்த மனுஷன் பூ என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போயிருப்பார். அத்தனை பேருக்கு முன்னால், முதலாளியிடமே, பஞ்சு என்று அவர்களை நான்தானே போட்டுக்கொடுத்தேன்.