விழுந்திட்டன் என்றாள் பாலாம்பிகை

ஆறுமுகத்தின் மூத்த பெட்டைக்கு முதல் பல் முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டின அன்றுதான் பாலாம்பிகை என்ற பெயர் கனடாவில், மொன்றியலில் முதன்முதலாகக் காதில் விழுந்தது. "என்ர கடைசித் தங்கச்சியை விமலநாதனுக்குப் பேசியிருக்கிறம்" என்று ஆறுமுகம் சபையில் சொன்னார். விமலநாதன், எங்கள் பெரிய மாமியின் தமையன் மகன். சத்தமாகச் சிரிக்கக்கூடத் தெரியாத மனிதர்.

பாலாம்பிகை ஊரிலிருந்து கலியாணமாகி வந்து சேர்ந்தாள். வயிற்றில் வந்த பிள்ளை இரண்டு முறையும் தங்கவில்லை. பிறகு அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. ஒன்றுக்கும் உதவாத உடம்பு என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்துவிட்டது. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்கப் போனாள். அங்கே கூட நின்ற றோசாதான் அவளை ரோலர் டெர்பிக்குக் கூட்டிப்போனாள்.

சில்லுச் சப்பாத்துப் போட்ட பெண்கள் இரண்டு கூட்டமாக வட்டம் சுற்றுவார்கள். ஒருத்தி இடித்துப் புகுந்து முன்னால் ஓடவேண்டும். மற்றவர்கள் இடுப்பாலும் தோளாலும் மறிக்கவேண்டும். ஒன்றும் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் பாடமே விழுவதுதான். ஒரு முழங்காலில், உடம்பைச் சுருக்கி, விரல்கள் நசியாமல் கையைப் பொத்திக்கொண்டு விழவேண்டும். விழுந்து எழும்பும் ஒவ்வொரு தரமும் பாலாம்பிகைக்குத் தன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைத்தது.

"இஞ்சருங்கோ, அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. அரைக் காற்சட்டையோட ஓடுறன் எண்டு தெரிஞ்சால் மறிச்சுப்போடுவார்."

"நான் ஏன் சொல்லுறன்? நீர் பல்லைக் கவனமாப் பாரும்" என்றார் விமலநாதன்.

வருசங்கள் போய், ஆறுமுகத்தின் அதே பெட்டை பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தது. ஆராத்தித் தட்டைத் தூக்கும்போது பாலாம்பிகையின் சேலை விலகிவிட்டது. மேற்கையில் நீலமும் மஞ்சளுமாகக் கண்டல். பெரிய மாமி பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி பிள்ளை இது?"

"விழுந்திட்டன் மாமி."

"எதில?"

"சும்மா, விழுந்திட்டன்."

மாமி மேலே கேட்கவில்லை. அவளும் தன் காலத்தில் இதையே சொன்னவள். கண் வீங்கிக் கிடந்த அவளுடைய தங்கையும் இதையே சொன்னவள். எங்கள் பெண்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பாலாம்பிகை சொன்னது முழு உண்மை. ஆனால் அதை உண்மையென்று எடுக்க அந்த மண்டபத்தில் யாருக்கும் பழக்கமில்லை. சாப்பாட்டுப் பந்தி முடியுமுன் கதை ஆறுமுகத்திடம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம், மாடிக்கு ஏறும் வெளி இரும்புப் படியில் விமலநாதன் பனி அள்ளிக்கொண்டு நின்றார். ஆறுமுகம் ஏறி வந்து, அவரைத் தாண்டி மேற்படியில் நின்று திரும்பினார்.

"என்ர தங்கச்சியில கை வைக்கிறியோடா?"

விமலநாதன் கதவடியில் நின்ற மனைவியைப் பார்த்தார். "அவவிட்டையே கேளுங்கோ, மச்சான்."

"சொல்லடி."

பாலாம்பிகை வாயைத் திறந்தாள். அரைக் காற்சட்டை, இடுப்பால் இடிக்கிற விளையாட்டு, இதையெல்லாம் தமையனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த வட்டமும் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்த தலையையே ஆறுமுகம் பதிலாக எடுத்துக்கொண்டார். நெஞ்சில் ஒரு தள்ளு. படியெல்லாம் பனி உறைந்திருந்தது. விமலநாதன் அடிவரை போனார்.

பொலிஸ் வந்தபோது பாலாம்பிகை சப்பாத்தைக் கொண்டுவந்து காட்டி, தெரிந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள். கீழ்ப்படியில் இருந்த ஆறுமுகம், "சில்லுச் சப்பாத்தோ?" என்று மட்டும் கேட்டார்.

பொலிஸ் அவரைக் கொண்டுபோய் மறியலில் போட்டது. கூடப்பிறந்தவனை உள்ளே தள்ளினவள் என்று பாதிச் சனம் சொன்னது. புருசன் சாகக் கிடக்க வாய் திறக்காதவள் என்று மீதிச் சனம் சொன்னது. ஒருவரும் படியேறவில்லை. றோசா பூக்களோடு ஒருமுறை வந்தாள். பாலாம்பிகை கதவு திறக்கவில்லை.

விமலநாதனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. இப்போது பாலாம்பிகை சென்ட் லோரன்ட்டில் படியில்லாத ஒரு நிலமட்ட வீட்டில் அவரோடு இருக்கிறாள். பகலில் பக்கத்து மாத்திரைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சில்லுச் சப்பாத்தைப் பிறகு அவள் போடவில்லை.