காசநோய் மாத்திரையும் கண்ணும்

காசநோய் மாத்திரை கொடுப்பவளுக்கு, விழுங்காதவர்களைத் திட்டுவது பாதி வேலை. விழுங்கியவர்களிடம் திட்டு வாங்குவது மீதி. மருந்துப் பையோடு வீடு வீடாக அலைந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் பழவேற்காட்டு ஏரிக் குப்பங்கள் என் பொறுப்பில் இருந்தன.

சிவப்புக் கண்ணீர்

பழவேற்காட்டில் என் நோயாளி மும்தாஜ், தங்கையின் நிக்காஹில் அழுதாள். துப்பட்டியெல்லாம் செங்கல் நிறக் கறை. கண்ணில் ரத்தம் என்று வீடே அலறியது. புதிதாக வந்த சிவப்பு கேப்ஸ்யூல் கண்ணீரை அப்படித்தான் நிறம் மாற்றும், கெடுதல் இல்லை, நிறுத்திவிடாதே என்று கெஞ்சினேன். அவள் மாமியார் பெருமூச்சு விட்டார்: "உசுருக்கு ஒண்ணும் இல்லன்னா சரிம்மா. மாத்திரை முடியற வரைக்கும் இவள எந்தக் கல்யாணத்துக்கும் அனுப்பல."

யார் வலை?

பசியாவரம் குப்பத்தில் என்னிடம் மாத்திரை வாங்கிய ஏழுமலையின் வலைக் கம்பில் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி. அவன் பங்காளி கோவிந்தன் கம்பில் பச்சை. பட்டப்பகலில் ஏழுமலை கோவிந்தனின் வலையைத் தூக்கி, இறாலைத் தன் படகில் கொட்டிக்கொண்டான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். அடுத்தவன் வலையில் திருடியவனுக்குப் பாடு கிடையாது. அதாவது, ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமையே போய்விடும்.

அவன் மனைவி செல்வி என்னிடம் ஓடி வந்தாள். "அவரு திருடறவரு இல்ல நர்சம்மா. எதிர்ல நிக்கற என்னயே உத்து உத்துத்தான் பாக்கறாரு."

மிளகாய்ப் பரிசோதனை

அவனுக்கு நான் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றான எத்தாம்பியூட்டால், சிலருக்குக் கண் நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஊர்க்கூட்டத்தில் ஒரு பழுத்த மிளகாயையும் ஒரு பச்சை மிளகாயையும் நீட்டி, எது பழம் என்று ஏழுமலையைக் கேட்டேன். நெடுநேரம் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்று அழுதுவிட்டான்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா மாத்திரைய நிறுத்திடுவீங்க. போன தபா பாதியில நிறுத்தித்தான் ரத்தம் கக்கினேன்" என்றான். என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

ஊர் அவன் பாடு உரிமையைப் பறிக்கவில்லை. மெட்ராஸ் டாக்டர் அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைத் தொடரச் சொன்னார். பார்வை மெல்ல மெல்லத்தான் திரும்பியது. அதற்குள் ஒருநாள் கோவிந்தனே என்னை வழிமறித்தான்: "என் கம்புல வெள்ளை வேட்டியக் கிழிச்சுக் கட்டிக்கீறேன் நர்சம்மா. இனிமே என் வலைய எடுத்தான்னா, அப்ப அவன் திருடன்தான்."

நுரையீரலைப் பார்க்கச் சம்பளம் வாங்கிய நான், அந்த ஊர்களில் மல்லுக்கட்டியதெல்லாம் கண்களோடுதான்.